மருத்துவருக்கு நாடி பார்ப்பவர் யார்?

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறீர்கள். அவர் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். மார்பில் குழலை வைத்துக் கேட்கிறார். சீட்டில் ஏதோ எழுதித் தருகிறார். அதை வாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு வீடு திரும்புகிறீர்கள்.

மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். ஓட்டல் சமையலறையை எட்டிப் பார்க்கச் சுகாதார ஆய்வாளர் வருகிறார். பேருந்துக்குத் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். நம் உயிரையே ஒப்படைக்கிறோமே, அந்த மருத்துவரின் அறையைச் சோதிக்க யார் வருகிறார்? சுவரில் தொங்கும் பட்டம் அவர் ஒரு காலத்தில் தேர்வு எழுதித் தேறினார் என்பதைத்தான் சொல்கிறது. இன்று அவர் எப்படி மருத்துவம் செய்கிறார் என்பதை அது சொல்லாது.

இந்தக் கேள்வியை எழுப்பி, விடை தேடி, தடுக்கி விழுந்து, மீண்டும் எழுந்து நடந்த நாடு இங்கிலாந்து. அந்தக் கதையை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும்.

ஓர் ஆஸ்திரேலியர் கண்ட காட்சி

1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. அப்போதைய சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் அதன் சிற்பி. ஒவ்வொரு குடிமகனும் ஒரு குடும்ப மருத்துவரிடம் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம், மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை, அரசு கொடுத்துவிடும். ஆனால் குடும்ப மருத்துவர் அரசு ஊழியர் ஆகிவிடவில்லை. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனி மனிதராகவே அவர் நீடித்தார். அவருடைய அறை அவருக்குச் சொந்தம். அதற்குள் நடப்பதும் அவர் விருப்பம். (அந்த அறையை அங்கே 'சர்ஜரி' என்பார்கள். அங்கே அறுவை நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்! நாம் கிளினிக் என்று சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.)

ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்த அறைகளை நேரில் பார்க்கப் புறப்பட்டார். தொழில் நகரங்கள், வசதியானவர்கள் வாழும் பகுதிகள், கிராமங்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குச் சென்றார். மருத்துவர்களின் பக்கத்திலேயே அமர்ந்து கவனித்தார். கண்டதை 1950ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் எழுதினார்.

அந்தக் கட்டுரை மருத்துவ உலகை உலுக்கிவிட்டது. ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதிகளில் அவர் கண்டது நெரிசல், அழுக்கு, அவசரம். நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க வசதியில்லாத அறைகளும் இருந்தன. குறிப்பேடுகள் ஒழுங்காக இல்லை. உடம்பைத் தொட்டுப் பார்க்காமலே மருந்து எழுதப்பட்டது. இத்தகைய இடங்களில் சில பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பவை என்றே அவர் கூறினார்.

மருத்துவர்கள் சினந்தார்கள். வெளிநாட்டார் ஒருவர் சில இடங்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரையும் பழிக்கலாமா என்று கேட்டார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் தன் பங்குக்கு ஓர் ஆய்வை நடத்தியது. அதன் முடிவு இத்தனை கடுமையாக இல்லை. ஆனாலும் குறைகள் இல்லை என்று அதுவும் சொல்லவில்லை. சினத்தினூடே ஒரு நன்மை விளைந்தது. 1952ஆம் ஆண்டு குடும்ப மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிக்கொண்டார்கள். இது மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் கல்லூரி அன்று. தொழிலின் தரத்தைக் காக்கும் அமைப்பு.

காசு போன வழி

அறைகள் ஏன் அப்படி இருந்தன? மருத்துவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? இல்லை. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

மருத்துவருக்குக் கிடைத்த பணம் அவரிடம் பதிவு செய்துகொண்டவர்களின் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. நல்ல அறை கட்டினாலும், உதவிக்கு ஒரு செவிலியரை அமர்த்தினாலும், அந்தச் செலவு அவர் கையிலிருந்தே போயிற்று. நிறையப் பேரைச் சேர்த்துக்கொண்டு குறைவாகச் செலவழித்தவர் கையில் காசு மிஞ்சியது. நன்றாகச் செய்ய முனைந்தவர் நட்டப்பட்டார். எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு விதியை வைத்துப் பாருங்கள். தரம் தானாகவே இறங்கும்.

1966ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம் இதை மாற்றியது. கட்டட வாடகையையும், உதவியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டையும் அரசே திருப்பித் தந்தது. மருத்துவர்கள் பலர் கூடி ஒரே நிலையத்தில் பணியாற்றத் தொடங்கினார்கள். செவிலியர்கள் வந்தார்கள். புதிய கட்டடங்கள் எழுந்தன. எந்த ஆய்வாளரும் கதவைத் தட்டாமலே தரம் உயர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

ஆனாலும் உயர்வு எல்லா இடத்திலும் சமமாக இல்லை. வேல்ஸ் நாட்டின் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் பணியாற்றி வந்தார். ஊரில் உள்ள வயது வந்தோர் எல்லோருக்கும், நோய் என்று வந்தாலும் வராவிட்டாலும், இரத்த அழுத்தம் அளந்து பார்த்தவர் அவர். 1971இல் அவர் ஒரு 'விதி'யை வெளியிட்டார். எங்கே மருத்துவத் தேவை மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவும், எங்கே தேவை குறைவோ அங்கே அது மிகுதியாகவும் கிடைக்கிறது என்பதே அது. 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று அது பெயர் பெற்றது.

இந்த இடத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு. சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் நெருக்கடியான நகரப் பகுதிகளிலும் பணியாற்ற உள்நாட்டு மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்த இடங்களை நிரப்பியவர்களில் பெரும் பகுதியினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறியும் விமானமேறியும் சென்ற மருத்துவர்கள். பலர் ஒற்றை ஆளாகவே நிலையம் நடத்தினார்கள். இதுவும் பின்னர் தேவைப்படும்.

மருத்துவரைப் பார்க்க மருத்துவர்

சோதனை என்றால் அதிகாரிதான் வரவேண்டுமா? சக மருத்துவரே வந்தால் என்ன? 1980களில் குடும்ப மருத்துவர் கல்லூரி இந்த வழியை முயன்றது. 'எத்தகைய மருத்துவர்?' என்ற பொருள்பட ஓர் அறிக்கையை 1985இல் வெளியிட்டது.

அனுபவமுள்ள மருத்துவர்கள் இன்னொருவரின் நிலையத்துக்குச் செல்வார்கள். நோயாளி எளிதில் அணுக முடிகிறதா, மருத்துவத் திறமை எப்படி, நோயாளியோடு பேசும் முறை எப்படி, தொழில் நெறி எப்படி என்று நான்கு கோணங்களில் பார்ப்பார்கள். குறிப்பேடுகளைப் புரட்டுவார்கள். படம் பிடித்த உரையாடல்களையும் பார்ப்பார்கள். பிறகு மனம் விட்டுப் பேசுவார்கள்.

நல்ல முறைதான், ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. விரும்பியவர் மட்டுமே இதற்கு உடன்பட்டார். சோதனைக்கு முன்வருபவர் பெரும்பாலும் நன்றாகச் செய்பவராகவே இருப்பார். சோதிக்கப்பட வேண்டியவரோ கதவைச் சாத்திக்கொள்வார்!

ஹைட் நகரத்து மருத்துவர்

மான்செஸ்டர் நகருக்கு அருகில் ஹைட் என்று ஒரு சிறு நகரம். அங்கே ஹெரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர் இருந்தார். வீடு தேடி வந்து பார்ப்பார். முதியவர்களிடம் பொறுமையாகப் பேசுவார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அவரிடம் பதிவு செய்துகொண்டவர்கள் 3000 பேருக்கு மேல்.

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் 81 வயது மூதாட்டி ஒருவர் திடீரென இறந்தார். தன் சொத்தை மருத்துவருக்கே எழுதி வைத்ததாக ஓர் உயில் வெளிப்பட்டது. மூதாட்டியின் மகள் வழக்கறிஞர். அவருக்கு ஐயம் எழுந்தது. உயில் போலி என்று தெரிந்தது. உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது அபினிலிருந்து உண்டாக்கப்படும் கடும் வலிநீக்கியின் எச்சம் காணப்பட்டது.

2000ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் 15 கொலைகளுக்காக ஷிப்மனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 215 பேரை அவர் கொன்றிருக்கிறார் என்று 2002இல் அக்குழு முடிவு கூறியது. பிற்பாடு அதன் மதிப்பீடு 250ஐ எட்டியது. இருபதாண்டுகளுக்கு மேல் இது நடந்திருக்கிறது! யாரும் தடுக்கவில்லை.

ஒரே ஒருவர் தடுக்க முயன்றார். பக்கத்து நிலையத்தின் பெண் மருத்துவர் அவர். இங்கிலாந்தில் உடலை எரியூட்ட வேண்டுமானால் அக்காலத்தில் இரண்டாவது மருத்துவர் ஒருவரும் படிவத்தில் ஒப்பமிட வேண்டும். ஷிப்மனின் படிவங்கள் இவர்கள் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தன. இவர்களிடம் பதிவு பெற்றிருந்தவர்கள் ஷிப்மனிடம் இருந்ததைப்போல ஏறத்தாழ மும்மடங்கு. இறப்போ அவரிடமே அதிகம். 1998 மார்ச்சில் இவர் அதிகாரிகளிடம் சொன்னார். காவல் துறை மேலோட்டமாக விசாரித்துக் கோப்பை மூடிவிட்டது. அதன் பிறகு மேலும் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள்.

எண்கள் சொன்ன கதை

அன்பு வாசகரே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஷிப்மனின் அறையை ஓர் ஆய்வாளர் சோதித்திருந்தால் என்ன கண்டிருப்பார்? துப்புரவான அறை, மகிழ்ச்சியான நோயாளிகள், மரியாதையான மருத்துவர். நற்சான்றே கொடுத்திருப்பார்!

அறையில் தெரியாதது வேறோர் இடத்தில் தெரிந்திருக்கும். இறப்புகளின் நேரத்தை ஒரு வரைபடமாக வரைந்து பார்த்தார்கள். மற்ற மருத்துவர்களின் நோயாளிகள் இரவு பகல் என்றில்லாமல் எல்லா நேரத்திலும் இறந்திருந்தார்கள். ஷிப்மனின் நோயாளிகளில் மிகப் பலரோ பிற்பகலின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2 மணி அளவில் இறந்திருந்தார்கள். அவர் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் நேரம் அதுதான்.

புள்ளியியல் அறிஞர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் அவருடைய துணைவர்களும் இன்னொரு கணக்கைப் போட்டார்கள். தொழிற்சாலைகளில் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான முறை ஒன்று உண்டு. எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் நடந்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே வருவது; அது ஓர் எல்லையைக் கடந்தால் எச்சரிக்கை மணி அடிப்பது. இம்முறையை இறப்புச் சான்றிதழ்களில் பொருத்தியிருந்தால் 1984ஆம் ஆண்டிலேயே மணி அடித்திருக்கும். 175 உயிர்கள் வரை பிழைத்திருக்கக்கூடும்.

அப்படியானால் எண்களையே நம்பிவிடலாமா? அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. இதே முறையை மற்றக் குடும்ப மருத்துவர்களிடமும் சோதித்துப் பார்த்தபோது இன்னொருவருக்கும் மணி அடித்தது. விசாரித்தார்கள். அவர் தென் கடற்கரையில், ஓய்வு பெற்ற முதியோர் இல்லங்கள் நிறைந்த ஓர் ஊரில் பணியாற்றுபவர். கடைசிக் காலத்தில் முதியவர்களை மருத்துவமனைக்கு அனுப்பி அலைக்கழிக்காமல், அவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாகக் கண்மூட உதவி வந்தவர். அதனால் அவர் ஒப்பமிட்ட சான்றிதழ்கள் பெருகியிருந்தன. குற்றவாளிக்கு அடித்த அதே மணி நல்லவருக்கும் அடித்தது! எண் கேள்வியைத்தான் எழுப்பும். விடையை மனிதர்தான் போய்த் தேடவேண்டும்.

ஆய்வாளர் வருகிறார்

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் 'பராமரிப்புத் தர ஆணையம்' பணி தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் குடும்ப மருத்துவ நிலையங்களும் அதில் பதிவு பெற்றாக வேண்டும் என்று சட்டம் கூறியது. ஸ்டீவ் ஃபீல்ட் என்ற குடும்ப மருத்துவரே அத்துறையின் முதல் தலைமை ஆய்வாளர் ஆனார். 2014 அக்டோபர் முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்று நான்கில் ஒரு மதிப்பு வழங்கப்பட்டது. அதை வாயிலில் எல்லோரும் காணும்படி ஒட்டவேண்டும்.

ஆய்வுக் குழுவோடு நீங்களும் உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். ஆய்வாளர், அவரோடு ஒரு மருத்துவர். ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். இந்த நிலையம் பாதுகாப்பானதா? பயனுள்ள மருத்துவம் தருகிறதா? பரிவு காட்டுகிறதா? மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா? நிர்வாகம் ஒழுங்கானதா?

முதலில் தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருக்கவேண்டும். அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பு மருந்துகள் உறைந்துபோனால் அவற்றின் ஆற்றல் கெட்டுவிடும். உருக வைத்தாலும் திரும்ப வராது. தட்டம்மைத் தடுப்பு மருந்திலோ வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கிறது. வெப்பம் கூடினால் அது அழியும். கெட்ட மருந்தைக் கண்ணால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று என்று தாய் நிம்மதியாக இருப்பாள்; குழந்தைக்கோ பாதுகாப்பு இராது. ஆகவேதான் நாள்தோறும் மிகுந்த அளவு, குறைந்த அளவு இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். அந்த ஏட்டை ஆய்வாளர் கேட்பார். தரை கூட்டுபவர் தெரியாமல் செருகியைப் பிடுங்கிவிடாதபடி ஏற்பாடு உண்டா என்றும் பார்ப்பார்.

அடுத்து ஆபத்து நேர மருந்துகள். ஊசி போட்டதும் ஒவ்வாமையால் ஒருவர் மயங்கி விழுந்தால் அட்ரீனலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? காலாவதியாகிவிட்டதா? ஆக்சிஜன் உருளையில் காற்று உண்டா?

பிறகு குறிப்பேடுகள். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணவேண்டும். தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. உண்பவரின் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறித்த காலத்தில் சோதித்தாக வேண்டும். இந்த நிலையத்தில் அதை உண்பவர் எத்தனை பேர்? அவர்களில் சோதனை செய்யாமலே மருந்து வாங்கிப் போனவர் எத்தனை பேர்? கணிப்பொறியைக் கேட்டால் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். காலிங்ஸின் காலத்தில் இது கனவு.

கடைசியாக ஒரு கேள்வி: 'கடந்த ஆண்டு இங்கே என்ன தவறு நடந்தது?' எதுவும் நடக்கவில்லை என்று பதில் வந்தால் ஆய்வாளர் மகிழ மாட்டார், ஐயப்படுவார். தவறு நேராத இடம் உலகில் இல்லை. நேர்ந்ததை எழுதி வைத்து, எல்லோரும் கூடிப் பேசி, மீண்டும் நேராதபடி என்ன செய்தார்கள் என்பதே அவருக்கு வேண்டும்.

2017க்குள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை இப்படிப் பார்த்து முடித்தார்கள். நூற்றுக்குத் 90 நிலையங்கள் 'நன்று' அல்லது 'மிகச் சிறப்பு' என்ற மதிப்பைப் பெற்றிருந்தன.

சோதிப்பவருக்கும் சோதனை

கதை இங்கே மங்களமாக முடியவில்லை. 2014 நவம்பரில் ஆணையம் நேரில் போகாமலே, கையிலிருந்த எண்களைக் கொண்டு நிலையங்களை அபாய வரிசையில் நிறுத்தி வெளியிட்டது. கணக்கில் பிழைகள் இருந்தன. குற்றமற்ற சில நிலையங்களின் பெயர் கெட்டது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. 2015இல் அந்த வரிசையையே கைவிட்டது. தென் கடற்கரை மருத்துவரின் பாடத்தை மறந்ததன் விளைவு இது.

இன்னொரு குறையும் எழுந்தது. இந்திய வழியினர் முதலான சிறுபான்மை மருத்துவர்கள் நடத்தும் நிலையங்களுக்கு ஆய்வில் நீதி கிடைக்கிறதா என்பது அது. ஆணையமே இதை ஆராய்ந்து 2022இல் அறிக்கை தந்தது. அந்த நிலையங்களில் பல ஏழ்மை மிகுந்த பகுதிகளில், சிறிய அளவில், குறைந்த வசதியோடு இயங்குகின்றன. அந்தச் சூழ்நிலையை ஆய்வு முறை போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. டியூடர் ஹார்ட்டின் விதி அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே உயிரோடு இருந்தது! மேடு பள்ளம் பாராமல் எல்லோரையும் ஒரே கோலால் அளந்தால், பள்ளத்தில் நிற்பவர் குட்டையாகத்தான் தெரிவார்.

கொரோனா நோய்த் தொற்றின்போது, 2020 மார்ச்சில், வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. பிறகு அவை பழைய வேகத்தை எட்டவில்லை. 2024இல் மருத்துவர் பென்னி டாஷ் ஆணையத்தையே ஆய்வு செய்தார். ஆணையம் பார்க்க வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு அதுவரை மதிப்பே வழங்கப்படவில்லை என்றும், ஆய்வாளர் பலருக்குத் தாம் ஆய்வு செய்யும் துறையில் போதிய அறிவில்லை என்றும் அவர் கண்டார். அந்த அமைப்பு தன் பணிக்குத் தகுதியோடு இல்லை என்று சுகாதார அமைச்சரே வெளிப்படையாகக் கூறினார்.

அதே 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நல்ல மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணை அதிகாரிக்குப் போகாத ஒவ்வோர் இறப்பையும், தொடர்பில்லாத ஒரு மருத்துவர் பார்வையிட்ட பிறகே சான்றிதழ் பதிவாக வேண்டும் என்பது இப்போது சட்டம். பக்கத்து நிலையத்துப் பெண் மருத்துவர் தம் கண்ணால் கண்டு சொன்னதை, ஒரு நாடே தன் வழக்கமாக்கிக்கொள்ள 26 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்? அறையைப் பார்ப்பவர் குளிர்ப்பெட்டியைக் காப்பாற்றுவார். அதனால் பல குழந்தைகள் பிழைக்கும். எண்களைப் பார்ப்பவர் அறையில் தெரியாததைக் காண்பார். சக மருத்துவர் மற்ற இருவருக்கும் புரியாததைப் புரிந்துகொள்வார். இவற்றுள் எதுவும் தனியாகப் போதாது. மருத்துவர் நன்றாகச் செய்ய வேண்டுமானால், நன்றாகச் செய்வதற்கு உரிய பணமும் கருவியும் உதவியாளும் முதலில் அவருக்குக் கிடைக்க வேண்டும். 1966இன் ஒப்பந்தம் இதைத்தான் செய்தது.

அடுத்த முறை உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடச் செல்லும்போது, 'மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வெப்பநிலையைக் குறித்து வைக்கிறீர்களா?' என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எழுந்து வந்து பெட்டியைத் திறந்து காட்டுவார்.